விவசாயிகள் குழு நடத்துகிறவர்களுக்கு: எண்ணைக் காப்பதும் பதிவை நீக்குவதும்

போச்சம்பள்ளிப் பக்கத்து அக்கா ஒருவர் எங்கள் வாட்ஸ்அப் மாங்காய்க் குழுவில் காலை ஏழு மணிக்கு ஒரு செய்தி போட்டார். கணவருக்கு அறுவைச் சிகிச்சை, பத்து நாளில் பணம் வேண்டும், மூன்று ஏக்கர் பெங்களூரா ரக மாந்தோப்பைக் காயோடு குத்தகைக்கு விடுகிறேன், நல்ல ஆள் தெரிந்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அன்று மாலை தோப்புக்கு வந்த வியாபாரி மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பத்து நாளில் பணம் வேண்டுமாமே" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். முந்தைய வாரம் பேசிய விலையில் நாற்பதாயிரத்தைக் குறைத்தார். அக்கா கொடுத்துவிட்டார். எங்கள் குழுவில் இருந்த யாரோ அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வியாபாரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் மாங்கன்று நர்சரி நடத்துகிறேன். கன்று வாங்கிப் போனவர்கள் பூ எடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்து கேட்டு ஆளுக்கொரு நேரத்தில் அழைப்பார்கள். ஒரே பதிலை இருபது முறை சொல்ல முடியாமல் 2017-ல் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். நாற்பது பேரில் தொடங்கியது, இன்று அறுநூறைத் தாண்டிவிட்டது. பர்கூர், காவேரிப்பட்டணம், வேப்பனப்பள்ளி, ஊத்தங்கரை, அந்தப் பக்கம் காரிமங்கலம், பாலக்கோடு வரை ஆட்கள் இருக்கிறார்கள். அந்த அக்காவின் நாற்பதாயிரத்துக்குப் பிறகுதான், இத்தனை பேரின் எண்ணும் சொல்லும் என் பொறுப்பில் இருக்கின்றன என்பது எனக்கு உறைத்தது. ஊர்க் குழு, மகளிர் குழு, தெருக் குழு என்று எதையாவது நடத்துகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று, நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

சேர்ப்பதற்கு முன்

தொடக்கத்தில் பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த எண்களையெல்லாம் குழுவில் சேர்த்தேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன். பர்கூரிலிருந்து ஒரு பெண் அழைத்தார். "அம்மா, கன்று வந்தால் சொல்வதற்குத்தானே எண் கொடுத்தேன்? முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான ஆண்களுக்கா கொடுத்தேன்?" என்று கேட்டார். அதற்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு அவருக்குத் தெரியாத ஒருவன் "சாப்பிட்டாச்சா" என்று செய்தி அனுப்பியிருக்கிறான்.

ஒரு காரியத்துக்கு என்று கொடுத்த எண்ணை அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், கொடுத்த சம்மதத்தை அதே அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். "ஒரு போன் நம்பரில் என்ன ரகசியம்?" என்று எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் கேட்டார். பக்கத்துக் கர்நாடகத்தில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கை அவருக்குச் சொன்னேன். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். எது ரகசியம், எது இல்லை என்பதை எண்ணுக்கு உரியவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். அவர் ஒப்புக்கொண்டார்.

இப்போது யாரையும் நானாகச் சேர்ப்பதில்லை. முதலில் தனியாக ஒரு செய்தி அனுப்புவேன்: "இந்தக் குழுவில் அறுநூறு பேர் இருக்கிறார்கள். சேர்ந்தால் உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும். சம்மதமா?" சம்மதம் என்றால் இணைப்பை அனுப்புவேன். அட்மின் ஒப்புதல் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாதபடி அமைப்புகளில் ஒரு வசதி இருக்கிறது, அதைக் கட்டாயம் போட்டுவிடுங்கள். ஒப்புதலுக்குக் காத்திருப்பவரிடம் நான் கேட்பது மூன்றே கேள்விகள்: எந்த ஊர், எத்தனை மரம், யார் சொல்லி வந்தீர்கள். சர்வே எண், ஆதார், வங்கி விவரம் எதையும் கேட்கக் கூடாது. வாங்கி வைத்தால் அதைக் காப்பாற்றும் வேலையும் நம் தலையில் விழும்.

குழு இணைப்பை உரக்கடைச் சுவரிலோ முகநூலிலோ போடாதீர்கள். ஒரு முறை எங்கள் இணைப்பு ஏதோ ஒரு கடையின் பலகைக்குப் போய்விட்டது. இரண்டே நாளில் கடன் தருகிறோம், லாட்டரி விழுந்திருக்கிறது என்று குப்பையாக வந்து கொட்டியது. இப்போது பருவம் முடிந்ததும் பழைய இணைப்பை ரத்து செய்துவிட்டுப் புதியது எடுத்துக்கொள்கிறேன்.

எண் தெரியக் கூடாது என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 'கம்யூனிட்டி' என்று ஒன்றை உருவாக்கினால், அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினரின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. அட்மினுக்கும், ஏற்கெனவே அந்த எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கும்தான் தெரியும். அதன் கீழ் உள்ள உட்குழுக்களில் சேர்ந்தால் எண் தெரியும் என்பதைத் தவறாமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் பெண் உறுப்பினர்களில் பலர் அறிவிப்புக் குழுவில் மட்டும் இருக்கிறார்கள். கேள்வியை எனக்குத் தனியாக அனுப்புவார்கள், நான் பெயர் இல்லாமல் பொதுக் குழுவில் கேட்டு, வந்த பதிலைத் திருப்பி அனுப்புவேன். வேலை கூடுதல்தான். பர்கூர்ப் பெண்ணிடம் பட்ட கடனை இப்படித்தான் அடைக்க முடிகிறது.

எடைச்சீட்டின் மேல் ஒரு விரல்

ஜூன் மாதம் வந்தால் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் லாரிகள் வரிசை கட்டும். இன்று டன்னுக்கு என்ன விலை என்று எல்லோரும் தவிப்பார்கள். ஒருவர் தன் எடைச்சீட்டைப் படம் எடுத்துப் போடுவார். விலை மட்டுமா தெரியும்? பெயர், வண்டி எண், எத்தனை டன், சில சீட்டுகளில் கைபேசி எண், வங்கிக் கணக்கு வரை தெரியும். யார் கையில் இந்த வாரம் எவ்வளவு பணம் வரும் என்பதை ஊருக்கே படம் போட்டுக் காட்டுவது போல இருக்கிறது.

விலை எல்லோருக்கும் தெரிய வேண்டிய செய்தி. அதை மறைத்தால் லாபம் வியாபாரிக்குத்தான். அதனால் எடைச்சீட்டுப் படங்களை நான் தடுக்கவில்லை. பெயரும் எண்ணும் இருக்கும் இடத்தில் விரலையோ ஒரு மாவிலையையோ வைத்துப் படம் எடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். விவரத்தோடு வந்த படத்தை உடனே நீக்கிவிட்டு, "விரல் வைத்துத் திரும்பப் போடுங்கள் அண்ணா" என்று அவருக்குத் தனியாக எழுதுவேன். இரண்டு பருவத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பட்டா, சிட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். ஆதாரை யாரும் குழுவில் போடவே கூடாது. எங்காவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது, அதைப் பதிவிறக்கிக் கொடுங்கள்.

வெளியே போன செய்தி

போச்சம்பள்ளி அக்காவின் செய்தி கசிந்தது தெரிந்ததும் குழு கொதித்தது. எல்லோருடைய கைபேசியையும் வாங்கிப் பார்க்க வேண்டும், குறைந்தது வியாபாரிகளோடு பழக்கம் உள்ளவர்களாவது காட்ட வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக நின்றார்கள். நான் மறுத்தேன். ஒருவர் செய்த துரோகத்துக்காக அறுநூறு வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும் உரிமை எனக்கு இல்லை. கோபித்துக்கொண்டு இரண்டு பேர் வெளியேறினார்கள். நல்ல விவசாயிகள், இன்னும் திரும்பி வரவில்லை. ஆனாலும் அந்த முடிவை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. 2025-ல் வாட்ஸ்அப் கூடுதல் தனியுரிமை வசதி ஒன்றைக் கொண்டுவந்தது. அதைப் போட்டால் உரையாடலை மொத்தமாக வெளியே எடுத்துச் செல்ல முடியாது, படங்கள் தானாகக் கைபேசியில் சேமிக்கப்படுவதும் நின்றுவிடும். செய்திகள் தானாக மறையும் வசதியும் இருக்கிறது: 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று தேர்ந்துகொள்ளலாம். எங்கள் குழுவில் 90 நாள் வைத்திருக்கிறோம், ஒரு பருவத்துக்கு அது போதும். மருந்து அளவு போன்ற நிலையான தகவல்களைத் தனியாக எழுதி வைத்துக்கொள்கிறோம்.

இவை எதுவும் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்காது. இன்னொரு கைபேசியால் படம் எடுப்பதையும் தடுக்காது. ஆகவே ஒவ்வொரு ஆண்டும் காய் பிடிக்கும் காலத்தில் குழுவில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: தேவையைச் சொல்லுங்கள், அவசரத்தைச் சொல்லாதீர்கள். "மூன்று ஏக்கர் குத்தகைக்கு உண்டு" என்றால் போதும். நோய், கடன், கல்யாணம் எதையும் எழுத வேண்டாம். உதவி வேண்டுமானால் எனக்கோ மற்ற இரண்டு அட்மின்களுக்கோ தனியாகச் சொல்லுங்கள்.

நீக்கும்போது

இனி நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேப்பனப்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் தெலுங்கில் நீளமான குரல் பதிவு போட்டார். எனக்குத் தெலுங்கு அரைகுறை. பத்து நிமிடத்தில் ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார்: "அக்கா, அவர் அசிங்கமாகத் திட்டுகிறார், குழுவில் பெண்கள் இருக்கிறார்கள், உடனே எடுங்கள்." எடுத்தேன். ஆளையும் நீக்கினேன். வாட்ஸ்அப்பில் அட்மின் ஒரு செய்தியை அழித்தால் அழித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆளை நீக்கினாலும் தெரியும். அறுநூறு பேர் முன்னால் அவருடைய பெயர் விழுந்தது.

மறுநாள் அவர் வண்டி எடுத்துக்கொண்டு நர்சரிக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. அதே பதிவைப் போட்டுக்காட்டி, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். காய் எடுத்துப் போன வியாபாரி ஆறு மாதமாகப் பாக்கி தரவில்லை, நீங்களாவது ஜாக்கிரதையாக இருங்கள் என்பதுதான் சாரம். ஒரே ஓர் இடத்தில் கோபச் சொல் இருந்தது. அது வசை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. புகார் சொன்னவர் அந்த வியாபாரிக்கு உறவினர் என்று பிறகு தெரிந்தது. நான் குழுவில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு அவரைத் திரும்பச் சேர்த்தேன். என்றாலும், அவமானப்பட்ட அந்த ஒரு நாளை என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அதன் பிறகு நாங்கள் ஏற்படுத்திக்கொண்ட முறையை விரிவாகவே சொல்கிறேன், பிணக்குகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. அட்மின்கள் மூன்று பேர். ஒருவருக்குத் தெலுங்கு தாய்மொழி, ஒருவருக்குக் கன்னடமும் உருதும் தெரியும். நம் மாவட்டத்தில் குழு நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு பதிவு புரியவில்லை என்றால், புரிந்தவர் கேட்கும் வரை அதைத் தொடுவதில்லை.

சிலவற்றை மட்டும் கேள்வி இல்லாமல் உடனே அழிப்போம்: ஆபாசம், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, அடுத்தவரின் ஆவணம், பி.எம். கிசான் பெயரிலும் வங்கி பெயரிலும் வரும், கைபேசியில் செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்புகள். அந்தக் கோப்பைத் தொட்டால் கைபேசியே மோசடிக்காரன் கைக்குப் போய்விடும், அங்கே நிதானம் பார்க்க நேரமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு அட்மின்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளை நீக்குவதற்கு மூவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு முன் ஒரு முறையாவது எச்சரித்திருக்க வேண்டும்.

அழித்த உடனே, எழுதியவருக்குத் தனியாக மூன்று விவரங்கள் போக வேண்டும்: எந்தப் பதிவு, எந்த விதிப்படி, ஏற்கவில்லை என்றால் யாரிடம் சொல்லலாம். அந்த 'யாரிடம்' என்பது அழித்தவராக இருக்கக் கூடாது. நான் அழித்தால் முறையீட்டைக் கேட்பவர் தெலுங்கு அட்மின், அவர் அழித்தால் நான். பொதுக் குழுவில் "ஒரு பதிவு நான்காம் விதிப்படி நீக்கப்பட்டது" என்று மட்டும் எழுதுவோம், பெயர் வராது. ஒரு நோட்டில் தேதி, விதி, முடிவு மூன்றையும் குறித்துக்கொள்வோம். "என் பதிவை மட்டும் ஏன் எடுத்தீர்கள், போன மாதம் அவர் எழுதியதை விட்டீர்களே" என்று யாராவது கேட்டால் அந்த நோட்டுதான் பதில் சொல்கிறது. இரண்டு முறை கேட்டவர் பக்கமே நியாயம் இருந்தது. முடிவை மாற்றினோம்.

மிகக் கடினமான கேள்வி, "யார் புகார் சொன்னது?" என்பது. நீக்கப்பட்டவர் எல்லோரும் முதலில் கேட்பது அதுதான். சொல்லாதீர்கள். ஒரு முறை சொன்னால் அடுத்த முறை இரவு அழைப்பைப் பற்றிப் புகார் சொல்ல எந்தப் பெண்ணும் வரமாட்டார். ஆனால் வேப்பனப்பள்ளி அனுபவம் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. புகார் சொன்னவருக்கு இதில் என்ன உறவு, என்ன லாபம் என்று அட்மின்கள் மூவரும் தங்களுக்குள் விசாரித்தே ஆக வேண்டும்.

சண்டை முற்றினால் இரவு குழுவைப் பூட்டிவிடுவோம், அட்மின் மட்டும் எழுதும்படி. காலை ஆறு மணிக்குத் திறந்துவிடுவோம். யாரையும் நீக்காமலே பாதிச் சண்டை அப்படி ஆறிவிடுகிறது.

பணம் தராத வியாபாரியின் பெயரைப் போடலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே நீண்ட நாள் வழக்கு. ஒருவர் கூடவே கூடாது என்றார், இன்னொருவர் படத்தோடு போட வேண்டும் என்றார். நான் எடுத்த நிலை இது: உங்கள் சொந்தப் பாக்கியை, உங்கள் பெயரில், தேதியோடும் தொகையோடும் சொல்லலாம். கேள்விப்பட்டதைச் சொல்லக் கூடாது. அவருடைய கைபேசி எண், வீடு, குடும்பத்தார் படம் கூடாது. திருடன், மோசடிக்காரன் என்ற பட்டங்களும் கூடாது. அந்த வியாபாரி பதில் சொல்ல விரும்பினால் அதே குழுவில் அதே அளவு இடம் தருவோம். இப்படி வந்த பதிவுகளில் ஒன்றில், வியாபாரி மறுநாளே பாதிப் பணத்தைக் கொடுத்து, மீதிக்கு நாள் குறித்து எழுதினார்.

சட்டம் எதுவரை

குழுவில் யாரோ போட்டதற்கு அட்மின் சிறைக்குப் போவார் என்று பயந்து, கேள்வி கேட்பவரையெல்லாம் நீக்குகிறவர்கள் உண்டு. அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, அடுத்தவர் பதிவுக்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும் 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில் இதே கருத்தைச் சொன்னது. நாமும் சேர்ந்து செய்திருந்தால் கதை வேறு.

ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒருவன் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால், அது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். அட்மின் செய்ய வேண்டியது: அவனை உடனே நீக்குவது, அந்தப் பெண்ணிடம் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது, 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுப்பது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்வார், அவர் பெயரில் நாம் போய்க் கொடுக்கக் கூடாது. தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதியை அவருடைய வாட்ஸ்அப்பில் போட்டுக்கொடுங்கள். பணம் போயிருந்தால் 1930-க்கு அந்த நிமிடமே அழைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணக்கையே வாட்ஸ்அப் நிறுவனம் முடக்கிவிட்டால், 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்த நிறுவனம் குறை தீர்க்கும் அலுவலர் ஒருவரை இந்தியாவில் வைத்திருக்க வேண்டும், முதலில் அவரிடம் எழுத வேண்டும். அவருடைய முடிவில் நிறைவில்லை என்றால் 30 நாட்களுக்குள், மத்திய அரசு அமைத்துள்ள மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே போகலாம்.

மார்கழியில் ஒரு நாள்

பூ எடுப்பதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து உறுப்பினர் பட்டியலைப் பார்க்கிறேன். இறந்தவர், எண் மாற்றியவர், தோப்பை விற்றவர் என்று ஆண்டுக்குப் பத்து இருபது பேர் இருப்பார்கள். நிறுத்தப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு தொலைபேசி நிறுவனம் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம், நம் குழுவின் பேச்சு முகம் தெரியாதவர் கைக்குப் போக வேண்டாம். இறந்தவர் எண்ணை எடுப்பதற்கு முன் அவர் வீட்டாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வெளியேறியவர்களின் எண்களை என் கைபேசியிலிருந்தும் அழிக்கிறேன். பில் புத்தகத்திலிருந்து எண்களைப் பெயர்த்து எழுதிய பழைய நோட்டு ஒன்று இருந்தது, அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

போச்சம்பள்ளி அக்கா இப்போது அறிவிப்புக் குழுவில் மட்டும் இருக்கிறார். போன பருவத்தில் பழ ஈக்கு மெத்தில் யூஜினால் பொறி ஏக்கருக்கு எத்தனை கட்ட வேண்டும் என்று எனக்குத் தனியாகக் கேட்டார். பெயர் இல்லாமல் குழுவில் போட்டேன். மாலைக்குள் பதினொரு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் தன்னிடம் மிச்சமிருந்த ஆறு பொறிகளை நர்சரியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாருக்கு என்று கேட்காமல் போனார்.